பலகைத் தடப் பந்தய வண்டியின் சாயலில் மோட்டார் மிதிவண்டி கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிப் பக்கம் உள்ள எங்கள் சிறிய பட்டறையின் வாசலில், சைக்கிளில் எஞ்சின் பூட்டிக் கட்டிய மூன்று வண்டிகள் நிற்கின்றன. ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி என்று பல ஊர்களிலிருந்தும் அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், நாங்கள் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வண்டி கட்ட நினைப்பவர் இரும்பு வாங்குவதற்கு முன்பே இதைப் படித்துவிட்டால், நாங்கள் வீணாக்கிய இரும்பையும் நாட்களையும் அவர் வீணாக்க வேண்டியிருக்காது.

பலகைத் தடப் பந்தயம் என்பது என்ன?

அமெரிக்காவில் 1910 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்த பந்தயம் அது. சைக்கிள் பந்தயத்துக்காக மரத்தால் தடங்கள் அமைத்துப் பழகியிருந்த ஜாக் பிரின்ஸ் என்பவர், லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அருகே பிளாயா டெல் ரே என்னும் இடத்தில் 1910ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிகளுக்கென்றே ஒரு பெரிய வட்டத் தடத்தை மரச்சட்டங்களால் கட்டினார். பின்னர் பல நகரங்களில் இத்தகைய தடங்கள் எழுந்தன. வளைவுகளில் வேகம் குறையாதபடி பலகைத் தரையைச் செங்குத்தாகச் சாய்த்துக் கட்டினார்கள். இந்தியன், ஹார்லி டேவிட்சன், எக்செல்சியர், மெர்க்கல், சைக்ளோன் ஆகிய நிறுவனங்களின் வண்டிகள் அங்கே ஓடின. 1912 டிசம்பர் 30 அன்று அதே பிளாயா டெல் ரே தடத்தில் லீ ஹியூமிஸ்டன் என்ற வீரர் எக்செல்சியர் வண்டியில் மணிக்கு 100 மைல், அதாவது 161 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். நம் பழைய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டுக்கும் முந்தைய கதை இது.

அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1912 செப்டம்பர் 8 அன்று நியூஆர்க் தடத்தில் எடி ஹாஷா என்ற வீரரின் வண்டி கட்டுப்பாட்டை இழந்ததில் அவரும், ஜானி ஆல்பிரைட் என்ற மற்றொரு வீரரும், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிலரும் உயிரிழந்தார்கள். எஞ்சின்களிலிருந்து சிந்திய எண்ணெயால் பலகைகள் வழுக்கின. வெயிலிலும் மழையிலும் மரம் சில ஆண்டுகளிலேயே உளுத்துப் போனது. விபத்துகளும் பராமரிப்புச் செலவும் சேர்ந்து, 1930களின் தொடக்கத்துக்குள் அந்தப் பந்தயம் மறைந்துவிட்டது.

அந்த வண்டிகளில் பிரேக் இல்லையாமே, நாமும் அப்படியே கட்டலாமா?

கூடாது. பந்தய வண்டிகள் பிரேக் இல்லாமல் ஓடியதற்குக் காரணம், அவை எதிரே வண்டி வராத, குறுக்கே ஆடு மாடு வராத, மூடிய தடத்தில் மட்டும் ஓடின என்பதே. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் எஞ்சினின் தீப்பொறியை வெட்டினார்கள், அவ்வளவுதான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வண்டிகளின் உருவத்தை. பிரேக் இல்லாமையை எடுத்துக்கொண்டால் அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் நமக்கோ எதிரே வருபவருக்கோ உயிராபத்து. இந்தப் பக்கத்தில் பிரேக்குக்கென்று தனி இடம் கொடுத்திருப்பதும் இதனால்தான்.

உருவம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படும் நான்கைந்து கோடுகளைச் சொல்கிறேன். பெரிய, ஒல்லியான சக்கரங்கள். அவற்றுக்கு இடையே நீண்ட இடைவெளி. தரைக்கு இணையாக ஓடும் பார். அதன் கீழே ஒட்டித் தொங்கும் ஒடுங்கிய நீண்ட டேங்க். இருக்கையைவிடத் தாழ்ந்து முன்னும் கீழும் வளைந்து செல்லும் ஹேண்டில்பார். அடிவயிற்றில் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும் எஞ்சின். மட்கார்டு, கேரியர், விளக்கு எதுவும் பந்தய வண்டியில் கிடையாது. சாலையில் ஓட்டும் வண்டிக்கு விளக்கும் பின்புறப் பிரதிபலிப்பானும் வேண்டும். அவற்றைச் சிறியதாக வாங்கி, கோடுகளைக் கெடுக்காத இடத்தில் வைத்துவிடலாம்.

பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து வண்டிகளில் இருந்தது நிக்கல் முலாம். குரோம் முலாம் பரவலானது அதற்குப் பிறகுதான். நிக்கலின் நிறம் சற்று மஞ்சள் கலந்து இதமாக இருக்கும். முலாம் போட வசதியிருந்தால் நிக்கலையே கேளுங்கள், வண்டியின் வயதே மாறிவிடும்.

எந்தச் சைக்கிளை அடிப்படையாக எடுப்பது?

வெளிநாட்டவர்கள் இதற்கென்று தனிச் சட்டகம் வாங்குகிறார்கள். நமக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. நம் தாத்தாக்கள் பனங்கிழங்குக் கட்டும் கருவாட்டு மூட்டையும் ஏற்றிச் சென்ற பார் வைத்த பெரிய சைக்கிள், பிறப்பால் அந்தப் பந்தய வண்டிக்கு நெருங்கிய உறவு. இந்தியன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஹெண்டியே முதலில் சைக்கிள் பந்தய வீரர். 1901ஆம் ஆண்டில் அவர்கள் செய்த முதல் வண்டி, சைக்கிள் சட்டகத்தில் எஞ்சினைப் பொருத்தியதுதான். நம் பெரிய சைக்கிளின் 28 x 1½ சக்கரமும், படுத்தாற்போன்ற முன் சட்டகமும், கிடையான பாரும் அந்தத் தலைமுறையின் வடிவத்தைப் பெரிதும் மாற்றாமல் வைத்திருக்கின்றன. முன்பக்கக் குழாய் ஏறக்குறைய 67, 68 பாகைச் சாய்வில் இருப்பதால் கையை லேசாக வைத்தாலும் வண்டி நேராகப் போகும். மோட்டார் பூட்டிய வண்டிக்கு அந்த நிதானம் மிகவும் வேண்டும்.

வாங்கும்போது பாரின் அடிப்பக்கத்தையும், பெடல் அச்சு உட்காரும் கூட்டையும் சுரண்டிப் பாருங்கள். வெளியே வண்ணம் நன்றாக இருந்தாலும் நம் கடற்கரையில் குழாய் உள்ளிருந்து துருப்பிடித்துவரும். சிறிய சுத்தியலால் தட்டும்போது சத்தம் மந்தமாகக் கேட்டால் அந்தச் சட்டகத்தை விட்டுவிடுங்கள்.

சட்டகத்தை நீட்ட விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சைக்கிள்களின் மூட்டுகள் பித்தளை உருக்கிப் பற்றவைத்தவை. அவற்றுக்கு அருகில் ஆர்க் வெல்டிங் வைத்தால் பித்தளை இளகி மூட்டு வலுவிழக்கும். புதுக் குழாய் சேர்ப்பதாக இருந்தால் மூட்டிலிருந்து தள்ளி, உள்ளே ஒரு துண்டுக் குழாயைச் செருகி, கேஸ் வைத்துப் பித்தளையால் பற்றவைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயாக விற்கும் ஜி.ஐ. பைப்பை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் நச்சுப் புகையாவதோடு, பற்றையும் கெடுத்துவிடும். எஞ்சினைத் தாங்க எந்தக் குழாயிலும் துளை போடக் கூடாது. குழாயைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு கிளாம்புத் தகடுகளே போதும்.

எவ்வளவு பெரிய எஞ்சின் வைக்கலாம்? பதிவு வேண்டுமா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(28) ‘மோட்டார் வாகனம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், நான்குக்குக் குறைந்த சக்கரங்களும் 25 சிசிக்கு மிகாத எஞ்சினும் கொண்ட வண்டியை விலக்கி வைத்திருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எல்லாம் கட்டாயம். வீட்டில் கட்டிய வண்டியைப் பதிவு செய்யும் வழி நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. எனவே சாலைக்கு வரும் வண்டியில் 25 சிசிக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை.

இணையத்தில் ‘80 சிசி’ என்று விற்கப்படும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்டிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எஞ்சினின் கொள்ளளவை நீங்களே கணக்கிடலாம். சிலிண்டர் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, பிஸ்டன் ஓடும் தூரத்தால் பெருக்கி, 0.7854 ஆல் பெருக்குங்கள். அளவுகள் மில்லிமீட்டரில் இருந்தால், வரும் விடையை 1,000 ஆல் வகுத்தால் சிசி கிடைக்கும். அந்தப் பெட்டியில் விட்டம் 47 மில்லிமீட்டர், ஓட்டம் 38 மில்லிமீட்டர். விடை 66 சிசிக்குச் சற்றே குறைவாக வரும். ஆக, சொல்லும் அளவும் பொய், சட்டத்தின் எல்லையும் தாண்டிவிட்டது. 34 மில்லிமீட்டர் விட்டமும் 27 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள எஞ்சினுக்கு 24.5 சிசி வருகிறது. அது உள்ளே அடங்கும். களை வெட்டும் மெஷின்களுக்கென வரும் நான்கு ஸ்ட்ரோக் சிறிய எஞ்சின்களில் இந்த அளவு கிடைக்கும், புகையும் சத்தமும் குறைவு. வாங்கும்போது அளவைக் குறித்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். போலீசார் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

சட்டம் விலக்களித்திருக்கிறது என்பதற்காக, ஒருவர் மீது மோதினால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. ஹெல்மெட் அணியாமல் எங்கள் வண்டியை யாரையும் தொட விடுவதில்லை.

வீட்டில் பழைய மொபெட் சும்மா கிடக்கிறது. அதன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினால் என்ன?

நம் ஊரில் மீன் கூடை ஏற்றிப் பழகிய அந்த எஞ்சின் உழைப்பாளிதான். ஆனாலும் அது 25 சிசிக்கு மேற்பட்டது, வேறொரு வண்டியின் பதிவில் இருப்பது. பூட்டக் கூடாது. அதன் சக்கரக் கூடும் (ஹப்) டிரம் பிரேக்கும் மட்டும் நமக்குப் பெரிதும் பயன்படும்.

மின்மோட்டார் வைத்தால் உருவம் கெட்டுவிடாதா?

கெடாது. பேட்டரியை டேங்க் வடிவத்துக்குள் மறைத்துவிடலாம். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்டு, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்றோடு வரும் மின் மிதிவண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. எனவே சான்றுள்ள வண்டியை வாங்கி அதன் உடலை மட்டும் மாற்றுவது நேர்மையான வழி. எஞ்சின் இருந்த இடத்தில் பொம்மை சிலிண்டர்களை ஒட்டிவைப்பதை நான் விரும்புவதில்லை. வெறுமையாக விட்டாலே கோடு அழகாகத் தெரியும். மின்கம்பி இணைப்புகளை மட்டும் படகு எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொடுத்து, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியால் செய்து வாங்குங்கள். சாதாரணக் கம்பி நம் காற்றில் பச்சை பூத்துவிடும்.

பல்சக்கரக் கணக்கை எப்படிப் போடுவது?

28 x 1½ சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 500 மீட்டர். ஆக, சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 227 முறை சுற்ற வேண்டும். சிறிய எஞ்சின் 6,500 சுற்றில் நன்றாக இழுக்கும் என்றால், இடையில் 29க்கு 1 என்ற அளவில் குறைக்க வேண்டும். ஒரே செயினால் இது முடியாது. எஞ்சினுக்கு அடுத்து 5க்கு 1 அளவுள்ள கியர் பெட்டி, அதிலிருந்து 10 பல் சக்கரம், பின்சக்கரத்தில் 56 பல் சக்கரம் என்று வைத்தால் 28க்கு 1 கிடைக்கும். 25 சிசி எஞ்சினிடம் 50 கிலோமீட்டர் வேகம் கேட்டுப் பல்லை மாற்றினால், கச்சான் காற்று எதிரே அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வண்டி மிதித்துத்தான் வீடு வந்து சேரும்.

பின்சக்கரப் பல்லை ஸ்போக்ஸ் கம்பியோடு பிடித்துக் கட்டும் முறை சரியா?

எங்கள் முதல் வண்டியில் அப்படித்தான் கட்டினோம். ரப்பர் வட்டுகளுக்கு நடுவே கம்பிகளை வைத்து ஒன்பது போல்ட்டுகளால் இறுக்கும் முறை அது. அந்த ஒன்பது துளைகளும் 36 கம்பிச் சக்கரத்துக்காக அமைந்தவை. நம் பெரிய சைக்கிளின் பின்சக்கரத்திலோ 40 கம்பிகள், முன்சக்கரத்தில் 32. துளைகள் கம்பிகளுக்கு நடுவே சரியாக விழாமல், சில கம்பிகள் வளைந்து நின்றன. மண்டபம் போகும் வழியில் அவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, ரிம் கோணி, செயின் கழன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. மெதுவாகப் போனதால் தம்பி கீழே விழுந்தும் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினான். அன்றிலிருந்து பல்லை மொபெட்டின் சக்கரக் கூட்டில், அதற்கென்று உள்ள திருகுத் துளைகளில்தான் பூட்டுகிறோம். கூட்டின் துளைகளுக்கு ஏற்ற ரிம்மையும் தடித்த கம்பிகளையும் கோத்து, கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து நேராக்கி வாங்குங்கள். அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

பிரேக் எப்படி அமைய வேண்டும்?

பெரிய சைக்கிளின் கம்பிப் பிரேக், ரிம்மின் உள்பக்கத்தை ரப்பரால் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். மிதித்துப் போகும் வேகத்துக்கு அது போதும். வேகம் 15 கிலோமீட்டரிலிருந்து 30 ஆகும்போது, நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது; கூடவே எஞ்சினின் எடையும் சேர்கிறது. முலாம் பூசிய ரிம் நனைந்திருந்தால் ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். அதனால் கம்பிப் பிரேக்கை அடியோடு கழற்றிவிட்டு, முன்னும் பின்னும் மொபெட் டிரம் பிரேக் வைக்கிறோம்.

டிரம் வைப்பதில் பலரும் தவறவிடும் இடம், பிரேக் தட்டைப் பிடித்து நிறுத்தும் தாங்குக் கம்பி. பிரேக் பிடித்தவுடன் அந்தத் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். அந்த விசை முழுவதும் சைக்கிள் ஃபோர்க்கின் ஒல்லியான காலில் இறங்கினால் கால் வளையும், ஒருநாள் ஒடியும். எனவே ஃபோர்க்கின் முன்னால், கழுத்திலிருந்து அச்சு வரை இரண்டு பக்கமும் ஒரு தாங்குகாலை நேராக இறக்கி, தட்டின் விசையை அதனோடு பகிர்ந்துகொள்ளச் செய்கிறோம். பழைய பந்தய வண்டிகள் சிலவற்றில் இத்தகைய தாங்குகால் ஃபோர்க்குகள் இருந்தன என்பதால், வலுவுக்காகச் செய்வதே அழகாகவும் அமைந்துவிடுகிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பிரேக்கோடு சேர்த்து இன்னும் இரண்டு தேவை. ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் தானாகத் திரும்பும் ஸ்பிரிங் கார்புரேட்டரிலும் கைப்பிடியிலுமாக இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். எஞ்சினை அணைக்கும் பொத்தான், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வேட்டியோ கைலியோ கட்டி ஓட்டுபவர் இருக்கும் வீட்டில், இரு செயின்களுக்கும் முழு மூடி போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

பாம்பனில் ஃபைபர் படகு கட்டுபவர்கள் டேங்க் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

அவர்களுடைய கைத்திறனில் குறை ஏதும் இல்லை; குறை எல்லாம் இன்றைய பெட்ரோலில்தான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினை மெல்ல இளக்கிவிடும். எங்கள் டேங்க் ஒன்று சில மாதங்களில் உள்ளே பிசுபிசுத்து, அந்தப் பிசின் கார்புரேட்டரை அடைத்தது. பெட்ரோல் படும் டேங்க் தகட்டால் இருக்கட்டும். அதன் மேல் போர்த்தும் உறையை, அல்லது பேட்டரி வைக்கும் பெட்டியை, ஃபைபரில் செய்துகொள்ளலாம். அதற்கு அவர்களைப் போல் யாரும் செய்ய முடியாது. எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். அதனால் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை வடித்துவிடுங்கள்.

உப்புக்காற்றிலிருந்து வண்டியை எப்படிக் காப்பது?

படகுக்காரர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வதே சிறந்த வழி. இரும்பை வெள்ளையாகத் தேய்த்த அன்றே, பொழுது சாய்வதற்குள், எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு விட்டால் காலையில் செம்பழுப்பு படிந்திருக்கும். பிரைமர் இரண்டு பூச்சு, அதன் மேல் படகு வண்ணம். குழாய்களின் உள்ளே எண்ணெய் ஊற்றி, சட்டகத்தைப் புரட்டிப் புரட்டி எங்கும் படியவிட்டு வடித்துவிடுங்கள். பெடல் கூட்டின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள். போல்ட்டுகளுக்குப் படகுச் சாமான் கடையில் 316 என்ற தரத்தைக் கேளுங்கள். 304 தரத்தைவிட அது உப்பைத் தாங்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டை எஞ்சினின் அலுமினிய உடலில் நேரடியாகத் திருகினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும், போல்ட்டும் கழற்ற வராது. கிரீஸ் தடவாமல் எதையும் திருகாதீர்கள்.

ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலையும் மாவட்டத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு சொம்புத் தண்ணீரும் பழைய துணியும் போதும். பிறகு செயினுக்கு எண்ணெய்.

கருவை முள்ளுக்கு என்ன செய்வது?

டயருக்கும் டியூபுக்கும் இடையே பழைய டியூபைக் கீறி ஒரு சுற்று விரியுங்கள். ஓரத்து மண்ணில் இறங்காதீர்கள். பஞ்சர் சாமான் எப்போதும் கையில் இருக்கட்டும்.

பாம்பன் பாலத்திலும் அரிச்சல்முனை வரையிலும் ஓட்டிச் செல்லலாமா?

எங்கள் ஆசையும் அதுதான். 1988ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. காற்றைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை. ஒல்லியான சக்கரமும் குறைந்த எடையும் உள்ள வண்டியைப் பக்கக் காற்று ஒரு முழம் தள்ளிவிடும். கூடவே வேடிக்கை பார்ப்பதற்காகத் திடீரென்று நிற்கும் கார்கள். காற்று அடங்கிய விடியற்காலையில் மட்டும் கடக்கிறோம். தனுஷ்கோடிக்கு அப்பால் சாலையில் மணல் படிந்திருக்கும் இடங்களில் பிரேக்கைத் தொடாமல் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் இறக்கவே வேண்டாம். பேரிங்குகளுக்குள் உப்பு மணல் புகும் என்பது ஒன்று. அங்கே ஆமைகள் முட்டையிட வருகின்றன என்பது அதைவிடப் பெரியது.

கட்டி முடித்த வண்டியை முதலில் எப்படி ஓட்டிப் பார்ப்பது?

எஞ்சினை இயக்காமல், மிதித்தே பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிரேக் பிடிக்கிறதா, செயின் நேராக ஓடுகிறதா, ஃபோர்க்கில் சத்தம் வருகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு எஞ்சினைப் போட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி, அணைக்கும் பொத்தானைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். முதல் 50 கிலோமீட்டர் முடிந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கி, ஒவ்வொரு மூட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். வண்ணத்தில் முடிபோல ஒரு கீறல் தெரிந்தாலும் அதன் அடியில் இரும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று கொண்டு, அந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்துப் பற்றவைத்த பிறகே வண்டியை மீண்டும் எடுங்கள்.